ஆறாவது அறிவும் யானைவேலியும்

(மட்டக்களப்பில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம்.

கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் போகிறவர்கள் இங்கே ஒன்றாக அமர்ந்திருக்கிறீர்கள். பல விடயங்களில் ஒத்துப்போகாத நாம் ஒன்றில் மட்டும் ஒரே குரலில் பேசுகிறோம்: மிருகத்தைவிட மனிதன் மேலானவன், அது இறைவனே கொடுத்த இடம். இந்த நம்பிக்கை சரிதானா என்றுதான் இன்று கேட்கப்போகிறேன்.

நம்மவர் முதலில் எடுத்துப்போடுவது ஆறறிவுக் கணக்கு. தொல்காப்பிய மரபியலில் அது இருக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு. சிதலுக்கும் எறும்புக்கும் மூன்று. நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு. மனம் என்ற ஆறாவது அறிவு மனிதருக்கு. மேடைகளில் இதோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் ஐந்தறிவு வரிசையில் விலங்கோடு 'மாக்கள்' என்று மனிதரில் ஒரு சாராரையும் அந்த நூல் சேர்க்கிறது. விலங்கிலும் ஒரு சாரானவற்றுக்கு ஆறாவது அறிவு உண்டு என்ற சூத்திரத்துக்கு உரை எழுதிய பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர், கிளி, குரங்கு, யானை என்று பெயர் சொல்லியே காட்டுகிறார். மனிதரை ஒரு பக்கம், விலங்கை மறுபக்கம் நிறுத்தி நடுவில் கோடு கீறியவர்கள் பின்வந்த நாங்கள்தான்.

மானிடப் பிறவி அரிது என்கிறது சைவம். வீடுபேற்றுக்கு வழி அதில் இருப்பதால் அரிது. வாய்ப்புக் கிடைப்பது வேறு, அதிகாரம் கிடைப்பது வேறு. புல்லாய், புழுவாய், மிருகமாய், பறவையாய்ப் பிறந்து இளைத்த உயிர்தான் மனிதராயும் பிறந்தது என்று சிவபுராணத்தை ஓதிவிட்டு, தெருநாயைக் கல்லால் அடிப்பது எந்த வகையில் பொருந்தும்?

கிறிஸ்தவர்கள் காட்டுவது ஆதியாகமம் 1:28. ஜீவராசிகளை ஆண்டுகொள்ளச் சொல்லும் வசனம். அடுத்த இரண்டு வசனங்களையும் படியுங்கள். மனிதருக்கும் மிருகத்துக்கும் அங்கே உணவாகக் கொடுக்கப்படுவது பயிர்பச்சைதான். இறைச்சிக்கான அனுமதி வெள்ளத்துக்குப் பிறகு, 9ஆம் அதிகாரத்தில் வருகிறது. பிரசங்கி 3:19 இன்னும் வெளிப்படை: இரண்டுக்கும் சாவு ஒன்று, சுவாசம் ஒன்று, மனிதன் மிருகத்தைவிட மேன்மையானவன் அல்ல.

குர்ஆன் 17:70 ஆதமுடைய மக்களைக் கண்ணியப்படுத்தியதாகச் சொல்கிறது. அதே வேதம் 6:38இல், பூமியில் திரியும் பிராணிகளும் சிறகடித்துப் பறக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமூகங்களே என்கிறது. அறுக்குமுன் கத்தியைத் தீட்டிக்கொள், பிராணியை வதைக்காதே என்பது நபிமொழி. வலியை உணராத ஒன்றுக்கு இந்தக் கட்டளை எதற்கு?

"நாங்கள் எசமானர்கள் அல்ல, பொறுப்பாளர்கள்" என்று பதில் வரும். முந்தியதைவிட நல்ல பதில்தான். எனக்கு அது போதவில்லை. பொறுப்பாளர் தவறினால் கேட்க ஒருவர் வேண்டும். இங்கே தவறு செய்கிறவரும் தீர்ப்புச் சொல்கிறவரும் நாமே. மிருகவதையைத் தடுக்க நம்மிடம் இருக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. அதில் போட்ட தண்டப்பணம் 100 ரூபாய்.

நம்பிக்கை நிலத்தில் என்ன செய்கிறது என்பதை, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பார்க்கலாம். இந்த நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 60 வீதத்தில் யானை நடமாடுகிறது. அந்த நிலத்திலும் ஏறக்குறைய 70 வீதத்தில் மனிதர் குடியிருக்கிறோம். ஆனாலும் நிலம் முழுவதும் எங்களுடையது, யானையைக் காட்டுக்குள் துரத்தி வேலி போட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். அப்படிக் காட்டெல்லையில் போட்ட வேலிகளில் பலவற்றுக்கு இரண்டு பக்கமும் யானை நிற்கிறது. வேலி யாரைத் தடுக்கிறது?

முறையான மின்சார யானைவேலி கொல்லாது. அதன் பொறி ஏறக்குறைய செக்கனுக்கு ஒரு தடவை, கண்சிமிட்டும் நேரத்திலும் குறைவாக, உயர் அழுத்தத் துடிப்பை அனுப்பும். யானை அதிர்ந்து விலகும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுத்தால் யானையும் சாகும், விடியற்காலை வயலுக்குப் போகிற மனிதரும் சாவார். முறையான வேலியும் கவனிப்பில்லாமல் கெடும். புல்லும் கொடியும் கம்பியில் தொட்டால் மின் நிலத்துக்கு இறங்கிவிடும்; மின்கலம் பலவீனப்படும். தந்தத்தில் மின் பாயாததால் கொம்பன் தந்தத்தாலேயே கம்பியை அறுக்கும். தூணைக் காலால் சாய்க்கவும் பழகிவிடும்.

பலன் தருவது, வயற்காரர்கள் சேர்ந்து வட்டையை, அதாவது தங்கள் வயல்வெளியை, சுற்றிப் போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடும் பருவகால வேலி. பயிர் நிற்கும் மாதங்களில் நிலம் எங்களுக்கு. பிறகு வயலில் மிஞ்சும் தாளும் புல்லும் யானைக்கு. வேலி தங்களுடையதாக இருப்பதால் அடிப்புல்லைச் செருக்குவதற்கும் ஆள் இருக்கும்.

யானை அடித்து ஆளை இழந்த வீட்டில் போய் இதைச் சொல்ல முடியுமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. 2019இல் மட்டும் இந்நாட்டில் 100க்கு மேற்பட்ட மனிதரும் 400க்கு மேற்பட்ட யானைகளும் இந்த மோதலில் இறந்தார்கள். துரத்துவதும், பூசணிக்காய்க்குள் வெடி வைப்பதும் அந்த வீடுகளைக் காப்பாற்றவில்லை. வாய் கிழிந்த யானை உடனே சாவதில்லை. தின்ன முடியாமல் நாட்கணக்கில் அலைந்து சாகிறது. அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடங்களில் 20 யானைகள் வரை இறந்த செய்தி 2022இல் உலகமெங்கும் போனது. குப்பை கொட்டியவர்கள் ஆறறிவு உடையவர்கள்.

பெரும்போகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி, கால்நடைகளை வயலிலிருந்து அகற்றும் திகதி எல்லாம் தீர்மானிக்கிறீர்கள். இந்த முறை வேலி போடும் திகதியையும் கழற்றும் திகதியையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு வட்டைக்கும் வேலி பார்ப்பவர் யார் என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே பெயர் குறித்துவிடுங்கள்.