வெளியே கிடக்கும் குஷன்களைக் குறைந்த செலவில் காப்பது எப்படி?

(காட்சி: தோட்டத்து நாற்காலியில் ஒரு குஷன். அதைக் கை அழுத்தியதும் ஓரத்தில் நீர் கசிகிறது.)

மழை நின்று ஒரு நாள் கடந்த பின்னும், தொட்டால் உலர்ந்திருப்பதாகத் தோன்றும் இந்தக் குஷனை அழுத்தினால் உள்ளிருந்து நீர் வருகிறது. உள்ளே இருக்கும் ஃபோம், ஒன்றோடொன்று திறந்திருக்கும் நுண்ணறைகளால் ஆனது என்பதால் நீரை எளிதில் உறிஞ்சிக்கொள்கிறது. விடுவதற்குத்தான் நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. ஈரம் 24 முதல் 48 மணி நேரம் தங்கினாலே பூஞ்சை வளரத் தொடங்கிவிடும். ஆகவே, நீரைத் தடுப்பதற்குச் செலவிடும் முன், உள்ளே போன நீர் வெளியேற வழி செய்ய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

(காட்சி: குஷன் நிமிர்த்தி வைக்கப்படுகிறது.)

அதற்குக் காசே தேவையில்லை. நனைந்த குஷனைப் படுக்கவிடாமல், ஜிப் உள்ள பக்கம் கீழே வருமாறு நிறுத்தி, ஜிப்பைச் சிறிது திறந்து வைத்தால், நீர் தன் எடையாலேயே இறங்கி வடிந்துவிடும்.

(காட்சி: துணியின் மேல் நீர்த்துளிகள் உருண்டோடுகின்றன.)

அடுத்தது நீர்விலக்கி ஸ்ப்ரே. இது இழைகளின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து நீரைத் துளிகளாக உருளச் செய்கிறதே தவிர, இழைகளுக்கு இடையிலுள்ள துளைகளை அடைப்பதில்லை. காற்று வழக்கம்போலப் புகுந்து வெளியேறும். துணியில் அழுக்கோ சோப்பின் மிச்சமோ இருந்தால் படலம் சரியாகப் பிடிக்காது என்பதால், மென்மையான சோப்பு நீரில் கழுவி, நன்றாக அலசி, முழுதும் காயவைத்த பிறகே, காற்றோட்டமான திறந்த வெளியில் அடிக்க வேண்டும். ஊசி குத்திய துளைகள் வழியாகவே நீர் அதிகம் புகுவதால், தையல் ஓரங்களில் இரண்டாம் முறையும் அடியுங்கள். பின்னொரு நாள் தெளித்த நீர் உருளாமல் துணியில் ஊறினால், மீண்டும் அடிக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

(காட்சி: தார்ப்பாயின் உட்புறத்தில் நீர் முத்துகள்.)

பலர் தவறும் இடம் இதுதான். தார்ப்பாயால் இறுக மூடிக் கட்டினால், இரவில் தார்ப்பாய் குளிரும்போது உள்ளே அடைபட்ட ஈரக்காற்று அதன் அடிப்புறத்தில் நீராகப் படிந்து, மழையே பெய்யாத நாளிலும் குஷனை நனைத்துவிடுகிறது. நடுவில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் கூடாரம்போல் விரித்து, அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். ஃபோமைக் குப்பைப் பையில் சுற்றி உறைக்குள் திணிக்கும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்கோ ஓர் ஓட்டை வழியாகப் புகும் நீர் அதற்குள்ளேயே சிறைப்பட்டுவிடும்.

வெயிலோ நிறத்தை மங்கச் செய்வதோடு இழைகளையும் நலிவடையச் செய்கிறது. பயன்படுத்தாத வேளையில் நிழலுக்கு மாற்றுவதும், பக்கங்களைத் திருப்பிப் போடுவதும் போதுமான உதவி. புதிய உறை தைக்கும்போது, ஈரத்தில் மட்கும் பருத்தி நூலைத் தவிர்த்து, பாலியஸ்டர் நூலால் தைக்கச் சொல்லுங்கள்.

(காட்சி: உறையிலிருந்து ஃபோம் உருவப்படுகிறது.)

ஏற்கெனவே பூஞ்சை பிடித்த குஷனைக் கழுவிக் காயவைத்த பிறகும் வாடை நீங்காவிட்டால், முழுக் குஷனையும் எறிய வேண்டியதில்லை. துணி நன்றாக இருந்தால் உள்ளிருக்கும் ஃபோமை மட்டும் அளவெடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.