பேட்டரி மேல் பழி போடும் முன்

வணக்கம் நேயர்களே. படகில் பழைய அவுட்போர்டு மோட்டார் மாட்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாமல் இருக்காது. நேற்று நாள் முழுக்க நன்றாக ஓடியது, இன்று சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். கயிறு போட்டு இழுத்தால் பிடித்துக்கொள்ளும். ஏனென்றால் பழைய மோட்டார்கள் பலவற்றில் ஸ்பார்க்குக்கு வேண்டிய மின்சாரம், எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்கு அடியிலேயே தனியாக உற்பத்தியாகிறது, பேட்டரி செத்தாலும் மோட்டார் ஓடும். அதனாலேயே சார்ஜ் ஏறவில்லை என்பது நமக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது.

உடனே என்ன செய்கிறோம்? புது பேட்டரி வாங்குகிறோம். அது கடையில் ஏற்றிக் கொடுத்த சார்ஜ் தீரும்வரை வேலை செய்யும், அப்புறம் பழைய கதைதான்.

உள்ளே நடப்பது ரொம்ப எளிது. ஃப்ளைவீலில் ஒட்டியிருக்கும் காந்தங்கள் செப்புச் சுருள்களைச் சுற்றி ஓடுகின்றன, அந்தச் சுருள்தான் ஸ்டேட்டர். அதில் வருவது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், அதை ரெக்டிஃபையர் ஒரே திசையில் ஓடும் டிசி ஆக்கி, சிவப்பு ஒயர் வழியாக, ஃபியூஸ் இருந்தால் அதையும் தாண்டி, பேட்டரிக்கு அனுப்புகிறது. ஆக, சார்ஜ் ஏறவில்லை என்றால் இந்த வழியில் எங்கோ ஓரிடத்தில் தடை. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் பாகம் வாங்காதீர்கள், நான் சொல்ல வந்ததே இதுதான்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். மோட்டாரை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து பேட்டரியின் வோல்ட்டைப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள், கூலிங் தண்ணீர் இல்லாமல் மட்டும் ஓட்டவேண்டாம், தண்ணீரை இழுத்துத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். ஐடிலிங்கில் சார்ஜ் அதிகம் வராது, அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். படகைக் கட்டிப்போட்டுக் கொஞ்சம் வேகம் கூட்டினால் மீட்டர் மெல்ல 13.5, 14 என்று ஏறவேண்டும். ஏறாமல் 12.4-லேயே நின்றால் சார்ஜ் வந்து சேரவில்லை.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன், இணைப்புகள். எனக்குத் தெரிந்த ஒருவர் பேட்டரியை மாற்றினார், ரெக்டிஃபையரை மாற்றினார், ஸ்டேட்டருக்கும் சொல்லிவைத்துவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது சிவப்பு ஒயர் வெளியே பளபளவென்றுதான் இருந்தது. டெர்மினல் பக்கத்தில் வளைத்தேன், உறைக்குள் ஏதோ நறநறவென்றது. பிளேடால் கீறினால் உள்ளே செம்பே இல்லை, பச்சைத் தூள்! உப்புத் தண்ணீர் ஒயரின் நுனி வழியாக ஏறி உள்ளுக்குள்ளேயே தின்றுவிட்டது. அழுகிய பகுதியை வெட்டிவிட்டு, ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையமான லக் புதிதாகப் போட்டதும் சார்ஜ் ஏறியது. பேட்டரி மேல் காது வைத்த விங் நட் போடுகிறார்களே, அதுவும் எனக்கு ஆகாது. கையால் முறுக்கியது அதிர்வில் தளராமல் என்ன செய்யும்? ஸ்பானரால் இறுக்கும் நட்டும் லாக் வாஷரும் போடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத தடையைப் பிடிக்க ஒரு வழி உண்டு. மோட்டார் ஓடும்போது, மீட்டரின் ஒரு முனையை ரெக்டிஃபையரிலிருந்து சிவப்பு ஒயர் கிளம்பும் இடத்திலும், மறுமுனையை பேட்டரியின் பிளஸ் முளையிலும் வையுங்கள். முளையில், லக்கின் மேல் அல்ல. வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கவேண்டும், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் தடை இருக்கிறது. மைனஸ் பக்கமும் இதே மாதிரி, எஞ்சின் உடம்புக்கும் மைனஸ் முளைக்கும் நடுவில். பலரும் அந்தப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். ஃப்ளைவீல் சுற்றும் இடத்தில் கை, ஒயர், சட்டை நுனி எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைப்பெல்லாம் சுத்தம் என்றால் ரெக்டிஃபையர். பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் ஒரு நொடியில் அதற்குள் இருக்கும் டையோடு போய்விடும். சார்ஜ் வருகிறதா என்று பார்க்க, ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம், அதுவும் ரெக்டிஃபையரைக் கொல்லும். இன்னொரு துப்பு: பல மோட்டார்களில் டாக்கோமீட்டர் இந்தச் சார்ஜிங் சுருளைப் பார்த்துத்தான் எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டுகிறது. அதுவும் சேர்ந்து செத்திருந்தால் சந்தேகம் ரெக்டிஃபையர், ஸ்டேட்டர் பக்கம் திரும்பவேண்டும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள், ஸ்டேட்டரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதன் இரண்டு ஒயர்களை, பெரும்பாலும் மஞ்சள், கழற்றி மீட்டரில் ஓம், அதாவது மின்தடை, பாருங்கள். இரண்டுக்கும் நடுவே குறைந்த தடை காட்டவேண்டும், எஞ்சின் உடம்போடு தொடர்பே காட்டக்கூடாது, சரியான அளவு உங்கள் மோட்டாரின் மேனுவலில் இருக்கும். வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இல்லாத பழைய மோட்டாரில் முழு வேகத்தில் 15 வோல்ட்டைத் தாண்டலாம், பேட்டரித் தண்ணீர் வற்றும். அதனால் மூடி திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வகை பேட்டரியே அதற்குத் தோது. வணக்கம்.