எட்டே குண்டு: ஜான் பால் ஜோன்ஸ் அப்படிச் சொன்னாரா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். அமெரிக்கச் சுதந்திரப் போர்ல பிரிட்டனை எதிர்த்துச் சண்டை போட்ட அமெரிக்கக் கப்பல் தளபதி ஜான் பால் ஜோன்ஸ் பத்தின பகுதிக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசுலயே நின்னுடுச்சு. அதை அப்படியே வாசிக்கிறேன். "1779 சண்டையில, ஜோன்ஸோட கப்பல் மூழ்குற நிலைமையில ஆங்கிலேயத் தளபதி 'சரணடையுறியா'ன்னு கேட்டார், 'நான் இன்னும் சண்டையே ஆரம்பிக்கலை'ன்னு ஜோன்ஸ் சொன்னார்னு எல்லாரும் சொல்றாங்க. அது நிஜமா, இல்ல பின்னால யாரோ கட்டிவிட்டதா?"

நல்ல கேள்வி. முதல்ல நேரடி பதிலைச் சொல்லிடுறேன். சண்டை நடந்தது 1779 செப்டம்பர் 23, இங்கிலாந்தோட கிழக்குக் கரையில ஃபிளாம்பரோ முனைக்குப் பக்கத்துல. பத்து நாள் கழிச்சு, அக்டோபர் 3-ம் தேதி, டச்சுக் கரையில டெக்ஸல் துறையில இருந்து, பிரான்ஸ்ல இருந்த அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு ஜோன்ஸ் ஒரு நீண்ட அறிக்கை எழுதுறார். அதுல இந்த வசனம் கிடையாது. சரணடையச் சொன்னப்போ ரொம்ப உறுதியா மறுத்துட்டேன், அவ்வளவுதான் எழுதுறார். நமக்குத் தெரிஞ்ச அந்த வசனம் ரிச்சர்ட் டேல் வாயிலா வந்தது. டேல் அந்தக் கப்பல்லயே முதல் லெப்டினன்ட், அன்னிக்கு அவருக்கு 22 வயசு. அவர் சொன்னது அச்சுல வந்தது 1825-ல, அதாவது 46 வருஷம் கழிச்சு.

அப்போ டேல் பொய் சொன்னாரான்னு கேட்பீங்க. நான் அப்படி நினைக்கலை. அவர் கண்ணால பார்த்தவர், காதால கேட்டவர். வார்த்தைக்கு வார்த்தை இதுதான்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனா அந்தக் கருத்துல ஏதோ ஒண்ணை ஜோன்ஸ் கத்தினார்னு நம்பலாம். இதுல பலர் கவனிக்காம விடுற விஷயம் என்னன்னா, அந்தப் பதில் சண்டையோட எந்தக் கட்டத்துல வருதுங்கிறது. ஜோன்ஸ் அறிக்கையில மறுப்பு வர்றது கடைசிக் கட்டத்துல, அவரோட ஆட்களே உயிர்ப்பிச்சை கேட்டுக் கத்தினதுக்கு அப்புறம். டேல் சொல்றது சண்டை சூடுபிடிக்கிற கட்டம், ரெண்டு கப்பலும் முதல் தடவை மோதிக்கிட்ட நேரம். எல்லா விளம்பரத்துலயும் மூழ்குற கப்பல், எரியுற பாய், நடுவுல இந்த வசனம்னு காட்டுவாங்க. டேல் சொன்ன இடத்துல வச்சுப் பார்த்தா அது கடைசி நேர வீராப்பு இல்லை. ஒரு திட்டம் கெட்டுப்போய், அடுத்த திட்டத்துக்குத் தாவுற ஒரு மாலுமியோட பதில்.

கெட்டுப்போன திட்டம் எதுன்னா, நம்ம பழைய நேயர்களுக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்ப வந்து நிக்கிற இடம்: அந்த 18 பவுண்டு பீரங்கிகள், அதாவது 18 பவுண்டு எடை குண்டு போடுறது. ஜோன்ஸோட போனோம் ரிஷார் கப்பல் போருக்குன்னு கட்டினது இல்லை. அது பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீனா வரைக்கும் சரக்கு ஏத்திட்டுப் போய் வந்த பழைய வணிகக் கப்பல், அப்போ பேரு டுக் த டுராஸ். லோரியான் துறைமுகத்துல வச்சு அதைப் போர்க்கப்பலா மாத்தினாங்க. முக்கியத் தளத்துல 28 பீரங்கி, 12 பவுண்டு குண்டு போடுறது. அதுக்குக் கீழ, தண்ணிமட்டத்துக்கு ரொம்பப் பக்கத்துல, பழைய 18 பவுண்டு பீரங்கி 6. எதிரிகிட்ட இருந்த செராபிஸ் அந்த வருஷம்தான் கட்டி முடிச்ச கப்பல். அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு போட்டது, அதனால பாசியும் சிப்பியும் ஒட்டாது, வேகமாப் போகும், சட்டுனு திரும்பும். அதுல 18 பவுண்டு பீரங்கியே 20. ஒரு பக்கத்துப் பத்தும் ஒரே நேரத்துல முழங்கினா 180 பவுண்டு இரும்பு, கிட்டத்தட்ட 82 கிலோ, வந்து விழும். கீழ்த்தள பீரங்கி இல்லாட்டி ஜோன்ஸால அதுக்கு ஈடு கொடுக்கவே முடியாது.

ராத்திரி ஏழு மணி தாண்டி முதல் முழக்கம். அப்பவே கீழ்த்தளத்துல ரெண்டு பீரங்கி வெடிச்சுச் சிதறிடுச்சு. அதை இயக்கினவங்கள்ல அநேகமா எல்லாரும் செத்துட்டாங்க. ஜோன்ஸே எழுதுறார்: அந்த ஆறு பீரங்கியும் சேர்ந்து சண்டை முழுக்கச் சுட்டது மொத்தம் எட்டே குண்டு. எட்டே எட்டு.

ஏன் வெடிக்குது? தொடர்ந்து சுட்டுச் சூடேறினாலும் பீரங்கி வெடிக்கும். ஆனா இது முதல் முழக்கத்துலயே வெடிச்சிருக்கு, அதனால சூட்டு மேல பழி போட முடியாது. வார்ப்பிரும்புல வார்க்கும்போதே உள்ளுக்குள்ள காற்றுக்குமிழ் நின்னுடும். வெளியில பார்த்தா வழவழன்னு இருக்கும். பழசாக ஆக, குழலுக்கு உள்ளே உப்புக்காத்துல துரு பிடிச்சுக் குழி விழும், அந்தக் குழியும் உள்ளே இருக்கிற குமிழும் சேர்ந்தா அந்த இடத்துல இரும்பு மெலிஞ்சு போச்சு. மருந்துப்பை வைக்கிற பின்பகுதியிலதான் அழுத்தம் அதிகம், கிழிஞ்சா பெரும்பாலும் அங்கேதான் கிழியும். பீரங்கிக்குப் பின்னாலயும் பக்கத்துலயும் நிக்கிற ஆட்கள்தான் பலி. தாழ்வான கூரை உள்ள தளத்துல அது நடந்தா, மிச்சம் இருக்கிற பீரங்கியைத் தொட யாருக்கும் கை வராது. அப்படியே விட்டுட்டாங்க.

இதனாலதான் சொல்றேன், நேயர் "என்ன சொன்னார்"னு கேட்டதைவிட "ஏன் ரெண்டு கப்பலையும் சேர்த்துக் கட்டினார்"னு கேட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஏன்னா அந்த வசனத்துக்கு உண்மையான அர்த்தம் அங்கேதான் இருக்கு. எட்டே குண்டோட பெரிய பீரங்கி போச்சு. தூரத்துல நின்னு சண்டை போட்டா, ஒரு மணி நேரத்துல கப்பல் துண்டு துண்டாப் போயிடும். மிச்சம் இருக்கிறது ஆட்கள், துப்பாக்கி, கைக்குண்டு. இதெல்லாம் பயன்படணும்னா எதிரியை ஒட்டிப் போகணும். மாட்டோட திமிலை அணைச்சுக்கிட்டவனுக்கு மாடு எவ்வளவு வேகமா ஓடுதுங்கிறது பெரிய விஷயமில்ல பாருங்க, அதே கணக்குதான். செராபிஸோட வேகத்தையும் திரும்புற லாவகத்தையும் செல்லாக்காசா ஆக்குறதுக்கு அதை இறுக்கிப் பிடிச்சுக்கிறதைத் தவிர வேற வழியே கிடையாது.

முதல் தடவை மோதினது சரியா அமையலை. ஜோன்ஸோட கப்பல் முன்பக்கம் செராபிஸோட பின்பக்கத்துல போய் இடிச்சுது. அப்படி இடிச்சா ஆட்கள் ஏறிக் குதிக்கவும் முடியாது, பீரங்கியும் எதிரிக்கு நேரா வராது. டேல் கணக்குப்படி அந்தக் கேள்வியும் பதிலும் வர்றது இந்த நேரத்துல. விலகி, திரும்ப வளைஞ்சு வந்தாங்க. இந்தத் தடவை செராபிஸோட முன்னால நீட்டிட்டிருக்கிற கழி, ரிஷாரோட பின் பாய்மரத்துக் கயிறுகள்ல மாட்டிக்கிச்சு. ஜோன்ஸ் தன் கையாலயே கயிறு போட்டு அதைப் பாய்மரத்தோட கட்டினார். செராபிஸோட உபரி நங்கூரத்தோட கொக்கி வேற ரிஷாரோட பின்பக்கத்துல குத்தி மாட்டிக்கிச்சு. இதை எழுதினது செராபிஸ் தளபதி பியர்சனே. அவர் உடனே பெரிய நங்கூரத்தைக் கடல்ல விட்டார். என்ன கணக்குன்னா, நம்ம கப்பல் நின்னுடும், நீரோட்டம் ரிஷாரை இழுத்துப் பிரிச்சுடும்னு. பிரியலை. ரெண்டும் சேர்ந்தே அந்த ஒரே நங்கூரத்துல, ஒண்ணோட தலை இன்னொண்ணோட வால் பக்கமா, வலப்பக்கமும் வலப்பக்கமும் ஒட்டி நின்னுடுச்சு.

எவ்வளவு நெருக்கம்னா, செராபிஸோட அந்தப் பக்கத்துப் பீரங்கிச் சன்னல் பலகைகளைத் திறக்கக்கூட இடமில்லை. பலகை மேலயே சுட்டு உடைச்சாங்க. குண்டைத் திணிக்கிற நீளக் கழியைப் பின்னால இழுத்தா, அதோட முனை எதிர்க் கப்பலோட சன்னலுக்குள்ள போகும். அந்த நிலைமையில செராபிஸோட 18 பவுண்டு குண்டுகள் ரிஷாரோட பக்கவாட்டை அறுத்துத் தள்ளுச்சு. கொஞ்ச நேரத்துல முக்கியத் தளத்துல பலகையே இல்லை. குண்டு ஒரு பக்கம் நுழைஞ்சு எதுலயும் படாம மறுபக்கம் வெளியேறிட்டிருந்துச்சு. கீழ் பாதியில செராபிஸ் ஜெயிச்சாச்சு.

மேல் பாதியில கதையே வேற. பின் மேல்தளத்துல ஜோன்ஸ்கிட்ட 9 பவுண்டு பீரங்கி ரெண்டுதான் அந்தப் பக்கமா இருந்துச்சு. அதைப் பார்த்துக்கிட்டவர் தலையில அடிபட்டு விழுந்ததும் ஜோன்ஸே பொறுப்பெடுத்து, மறுபக்கத்துல இருந்து இன்னொண்ணை ஆட்களோட சேர்ந்து இழுத்துட்டு வந்தார். ஆக மூணு. ஒண்ணுல இரட்டைத் தலைக் குண்டு போட்டு செராபிஸோட நடுப் பாய்மரத்தையே குறிவச்சார். மத்த ரெண்டுல சில்லுக் குண்டு, மேல்தளத்துல நிக்கிறவங்களைத் துடைக்க. பாய்மரத்து உச்சித் தட்டுகள்ல பிரெஞ்சு வீரர்களும் மாலுமிகளும் துப்பாக்கியோட. செராபிஸ் மேல்தளத்துல தலைகாட்ட முடியாத நிலை.

இதுக்கு நடுவுல தண்ணி. அடிவயிறு ஓட்டையாகிக் கப்பல் நிரம்புது. ஏற்கனவே பிடிச்ச கப்பல்கள்ல இருந்து கொண்டுவந்த ஆங்கிலேயக் கைதிகள் நூறு பேருக்கு மேல கீழே அடைபட்டிருக்காங்க. கப்பல் போயிடுச்சுன்னு நினைச்சு காவல் அதிகாரி அவங்களைத் திறந்து விட்டுட்டார். நூறு பேரும் மேலே வந்து சண்டையில சேர்ந்திருந்தா கதை முடிஞ்சிருக்கும். பம்ப் அடிக்கலைன்னா நீங்களும் சேர்ந்துதான் மூழ்குவீங்கன்னு சொல்லி அவங்களையே பம்ப்ல நிறுத்தினாங்க. ஜோன்ஸைப் பத்திப் பேசுறவங்க இதைத் தாண்டிப் போயிடுறாங்க. அன்னிக்குக் கப்பலை மிதக்க வச்சது எதிரியோட ஆட்கள்.

ஒன்பதரை மணிவாக்குல ரிஷாரோட குறுக்குக் கழியில ஊர்ந்து போன ஒரு மாலுமி, வில்லியம் ஹாமில்டன், கைக்குண்டை செராபிஸ் உள்ளே போட்டார். அமெரிக்கர்கள் சொல்றது மேல்வாசல் வழியா விழுந்துச்சுன்னு. பியர்சன் எழுதினது கீழ்த்தளச் சன்னல் வழியான்னு. எந்த வழியா இருந்தாலும் விளைவு ஒண்ணு. சீக்கிரமா நிரப்பணும்னு மருந்துப்பைகளைக் கொண்டுவந்து பீரங்கிகளுக்குப் பின்னாலயே வச்சிருந்தாங்க. ஒரு பையில பிடிச்ச தீ, அடுத்த பைக்கு, அதுக்கு அடுத்ததுக்குன்னு கடைசி வரைக்கும் ஓடி, நடுப் பாய்மரத்துக்குப் பின்னால இருந்த ஆட்களையெல்லாம் வாரிக்கிட்டுப் போயிடுச்சு. மருந்தை அப்பப்போ தேவைக்குத்தான் கொண்டுவரணும்ங்கிற விதி எதுக்குன்னு இங்கே தெரியுது.

அதே நேரத்துல ஜோன்ஸோட கூட்டுக் கப்பல் அலையன்ஸ், லாந்தேங்கிற தளபதி தலைமையில, ரிஷார் மேலயே சுட்டுச்சு. இதுக்கு நான் தனிப் பகுதியே போடணும். பத்தரை மணிக்கு பியர்சன் தன் கையாலயே கொடியை இறக்கினார். ரெண்டு பக்கமும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் செத்தோ அடிபட்டோ போயிட்டாங்க. ரிஷாரைக் காப்பாத்த முடியலை. செப்டம்பர் 25 காலையில மூழ்கிடுச்சு. ஜோன்ஸ் தான் பிடிச்ச செராபிஸ்லயே டெக்ஸல் போய்ச் சேர்ந்தார்.

இன்னொண்ணும் சேர்த்துச் சொல்லணும், பியர்சனுக்கு நியாயம் செய்யணும் இல்லையா. அவரோட வேலை பால்டிக்ல இருந்து வந்த 40-க்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களைக் காப்பாத்துறது. அவர் ஜோன்ஸை அங்கே பிடிச்சு வச்ச மூணு மணி நேரத்துல அவை அத்தனையும் தப்பிச்சுடுச்சு. தோத்தவருக்கு இங்கிலாந்துல சர் பட்டம் கொடுத்தாங்க, அது சரியான முடிவுன்னுதான் நான் சொல்வேன்.

ஜோன்ஸ் 1792 ஜூலை 18-ல பாரிஸ்ல தனியா இறந்தார், வயசு 45. சிமோனோங்கிற ஒரு பிரெஞ்சு அதிகாரி தன் சொந்தக் காசைப் போட்டு, உடலைச் சாராயத்துல பாதுகாத்து, வைக்கோல் அடைச்சு, ஈயப்பெட்டியில வச்சுப் புதைச்சார். அமெரிக்கா என்னிக்காவது கேட்டா கொடுக்கணுமேன்னு. அந்த யோசனைதான் பின்னால உதவுச்சு. அந்தக் கல்லறைத் தோட்டத்து மேல வீடுகள் வந்துடுச்சு. 1905-ல அமெரிக்கத் தூதர் ஹோரஸ் போர்ட்டர் சுரங்கம் தோண்டி அஞ்சு ஈயப்பெட்டிகளை எடுத்தார். அதுல ஒண்ணுல பெயர்த் தகடு இல்லை. திறந்து பார்த்தா உடல் கெடவே இல்லை. ஊதோன்ங்கிற சிற்பி 1780-ல செஞ்ச ஜோன்ஸோட மார்பளவு சிலையோட முக அளவுகளை ஒப்பிட்டாங்க, பொருந்துச்சு. உயரம் 5 அடி 7 அங்குலம், அதுவும் பொருந்துச்சு. நுரையீரல்லயும் சிறுநீரகத்துலயும் இருந்த நோய்க்குறிகள் அவரோட கடைசி மாசங்களைப் பத்தி எழுதியிருந்ததோட பொருந்துச்சு. 1906 ஏப்ரல் 24, அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி இருக்கிற அன்னபோலிஸ்ல ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் முன்னிலையில மரியாதை. தேதியைச் சும்மா எடுக்கலை. 1778-ல அதே நாள்லதான் ஜோன்ஸ் டிரேக்ங்கிற ஆங்கிலேயப் போர்க்கப்பலைப் பிடிச்சார். இப்போ கடற்படைக் கல்லூரித் தேவாலயத்துக்குக் கீழே, 1913-ல வச்ச பளிங்குப் பேழையில இருக்கார்.

லாந்தே ஏன் சொந்தக் கூட்டாளி மேலயே சுட்டார்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. அதை அடுத்த பகுதியில எடுத்துக்கிறேன்.