ஒரு கைப்பிடி மண் போதாது

நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாடு என்றதும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பற்றித்தான் பேசுகிறோம். நான் பேச வந்தது சும்மா கிடக்கும் மனைகளையும், அவற்றின் மண்ணை ரோபோ வைத்துச் சோதிப்பதையும் பற்றி. மெக்கானிக் ஷெட், பேட்டரிக் கடை, முலாம் பூசும் பட்டறை என்று இருந்து மூடிப்போன இடங்கள். அந்த மண்ணில் ஈயமும் குரோமியமும் தங்கியிருக்கலாம். எத்தனை வருஷமானாலும் அவை மக்காது.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அப்படி ஒரு மனை. பேட்டரிக் கடை காலியானதும், இடம் வீணாகிறதே என்று அப்பத்தா அதில் அரைக்கீரை போட்டார். தளதளவென்று வந்தது. அப்போது நான் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். வாசல் ஓரமாக ஒரு கைப்பிடி மண் அள்ளிப்போய்ச் சோதித்தேன். சொல்லும்படி ஈயம் இல்லை. பயமில்லை என்று வந்து சொன்னேன். அப்பத்தா கேட்டார்: “அவன் பேட்டரி உடைச்சது வேப்பமரத்தடியில. நீ வாசல்ல அள்ளுன மண்ணு அதை எப்படிப்பா சொல்லும்?” மறுநாள் வேப்பமரத்தடி மண்ணைப் பார்த்தேன். ஈயம் பல மடங்கு. இரண்டுக்கும் நடுவே இருபது அடிகூட இருக்காது. அதற்குள் அந்தக் கீரையை இரண்டு முறை அறுத்துச் சமைத்திருந்தோம். சாயங்காலம் அப்பத்தா ஒரு வார்த்தை பேசாமல் பாத்தி முழுவதையும் பிடுங்கிப் போட்டார்.

அன்றிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: ஒரு கைப்பிடி மண்ணை வைத்து ஒரு மனையை எடை போட முடியாது. ஈயம் எளிதில் கரைந்து ஓடாது. விழுந்த இடத்திலேயே மேல்மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும்.

ரோபோ கைகொடுப்பது இங்கேதான். மார்கழியில் வாசலில் பதினைந்து புள்ளி, பதினைந்து வரிசை வைக்கிறோம் இல்லையா? அதையேதான் ரோபோவும் செய்கிறது. ஐந்து சென்ட் மனையில் மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் 225 புள்ளியும் அடங்கிவிடும். சக்கரம் வைத்த சின்ன வண்டி புள்ளிக்குப் புள்ளி நின்று, எக்ஸ் கதிர் உணரியை மண்மேல் வைக்கும். கதிர் பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி வீசும். அதிலிருந்து ஈயம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். புள்ளிக்கு ஒரு நிமிடம் என்றால் அரை நாள் வேலை. குனிந்து நிமிர்ந்து மனிதர் செய்தால் பாதியில் அலுத்துப்போகும், வண்டிக்கு அலுப்பில்லை. அப்புறம், மழை பெய்த மறுநாள் அளக்கக் கூடாது. ஈர மண் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும்.

ஈயத்தை அளப்பது நமக்கு அந்நியமானதல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மண்ணிலிருந்து பிரித்த கரைசலில் மின்சாரம் பாய்ச்சும் மின்முனையை வைத்து, ஈயத்தை முலாம்போல் அதில் படியவைத்து, திரும்ப உரித்தெடுக்கும்போது ஓடும் மின்சாரத்தை அளப்பது மின்வேதியியலில் பழகிய முறை. சந்தேகமான புள்ளிகளை அப்படி உறுதிசெய்யலாம்.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுத்தம் செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈயம் மிகுந்த புள்ளிகளை மட்டும் தோண்டினால் போதும். குறைவான இடத்தில் பாஸ்பேட் கலந்தால் ஈயம் கரையாத உப்பாகக் கட்டுண்டுவிடும். வெட்டிவேர் நட்டால் மண் பறக்காது. தோண்டிய மண்ணை மட்டும் ஊருணிக் கரையில் கொட்டிவிடாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டு, அபாயக் கழிவுக்கென்று இருக்கும் இடத்துக்கே அனுப்புங்கள். வணக்கம்.