போர்ட் வெல்டும் படகடியும்

வணக்கம் நேயர்களே. இந்த அரைமணி நேரத்துக்கு என்னைக் கூப்பிட்டு பேசச் சொன்ன நிலையத்தாருக்கு முதல்ல நன்றி. நான் மலேசியாவுல, பேராக் மாநிலத்து பாகான் செராய் பக்கத்து தோட்டத்துல பொறந்து வளந்தவன், இப்பவும் அந்த டவுன்லதான் இருக்கேன். தலைப்பு என்னன்னு கேட்டாங்க, ஊர்ப் பேரைப் பத்தி பேசறேன்னு சொன்னேன். அதுலயும் கடலோரத்து மீன்புடி ஊரு ஒன்னு, பழைய பேரு போர்ட் வெல்ட், இப்ப கோல செபெத்தாங்.

எங்க தோட்டத்துல சம்பள நாளுன்னா மீன்காரரு மோட்டோவுல வருவாரு, பின்னாடி பெரிய கூடை, ஐஸ் தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும், லயத்து முன்னாடி, அதான் தோட்டத்து ஆளுங்க வரிசை வீட்டு முன்னாடி, நின்னு ஆரன் அடிச்சா எல்லா வீட்டுலேருந்தும் பொம்பளைங்க தட்டோட ஓடியாருவாங்க. எங்க பாட்டி மீனைத் தொடறதுக்கு முன்னாடி கேக்குற முதல் கேள்வி "எங்கேருந்துய்யா எடுத்தாந்த?"ன்னுதான். கோலகுராவ்னு சொன்னா ஒரு வெலை, போட்டுவேலுன்னு சொன்னா ஒரு வெலை. போர்ட் வெல்டுதான் பாட்டி வாயில போட்டுவேலு. வேலுன்னா முருகன் பேரு இல்லியா, அதனால அந்த ஊரு மேல பாட்டிக்கு ஒரு தனி பக்தியே இருந்துச்சு, அங்கேருந்து வந்த மீன்ல முள்ளு கூட கம்மின்னு சாதிப்பாங்க.

ஆனா அந்தப் பேரு ஒரு வெள்ளைக்காரரோடது. சர் ஃப்ரெடரிக் வெல்ட். 1880லேருந்து 1887 வரைக்கும் நீரிணைக் குடியேற்றங்களுக்கு, அதாவது பினாங்கு மலாக்கா சிங்கப்பூருக்கு, கவர்னரா இருந்தவரு. அதுக்கு முன்னாடி நியூசிலாந்துல பிரதமர், அப்புறம் மேற்கு ஆஸ்திரேலியாவுல கவர்னர், டாஸ்மேனியாவுல கவர்னர். அப்படி ஊர் ஊரா போன மனுசன் பேரை எடுத்து பாக்காவ் காட்டுக்கு, அதாவது அலையாத்திக் காட்டுக்கு, நடுவுல இருந்த ஒரு சேத்து ஆத்தங்கரைக்கு வச்சிட்டாங்க. ஏன்னா அந்த ஆத்தங்கரையிலதான் தைப்பிங் ஈயலம்பத்துலேருந்து, அதாவது ஈயச் சுரங்கத்துலேருந்து, வர்ற ஈயத்தைக் கப்பல்ல ஏத்தணும். தைப்பிங்லேருந்து அங்க வரைக்கும் சுமார் 13 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டாங்க, 1885 ஜூன் 1ஆம் தேதி முதல் ரயில் ஓடுச்சு. நம்ம மலாயா நாட்டுல ஓடுன முதல் ரயில் அதுதாங்க. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவுல ரயில் வந்தது கூட அதுக்கு அடுத்த வருசம்தான்.

அந்தப் பாதை போட இலங்கையிலேருந்து பயோனியர் படைன்னு வேலையாளுங்களைக் கொண்டாந்தாங்க. பின்னாடி நாடு பூரா தண்டவாளம் நீண்டப்ப கட்டை மாத்துறதும் கல்லு கொட்டறதும் பெரும்பாலும் தமிழ்நாட்டுலேருந்து வந்த நம்ம ஆளுங்க வேலை, ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி (குமாஸ்தா) வேலைக்கு யாழ்ப்பாணத்து ஆளுங்க. அதனாலதான் அந்தக் காலத்து ஸ்டேஷன் பலகையில ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்துல எழுதுற மலாய்), சீனம் கூட தமிழும் இருக்கும். போர்ட் வெல்ட்ல இப்ப ரயிலும் இல்ல தண்டவாளமும் இல்ல, ஆனா பேர்ப்பலகையும் டிக்கெட் குடுத்த கவுண்டரும் மட்டும் இன்னும் நிக்குது. பாதை பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில இருக்குற பிறைங்குற ஊரு வரைக்கும் போனப்புறம் ஈயத்துக்கு இந்தத் துறைமுகம் தேவைப்படல, ஊரு மறுபடியும் மீனுக்கும் நண்டுக்கும் கெராங் சிப்பிக்கும் திரும்பிடுச்சு. நான் மொத தடவை அந்தப் பலகை முன்னாடி நின்னப்ப, எழுத்தைத் தொட்டுப் பாத்தேன். பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவங்க, அவங்க வாயில கேட்ட பேரு இங்க நம்ம எழுத்துல இருக்கேன்னு மனசு என்னமோ பண்ணுச்சு.

இப்ப அதே ஊருக்கு எத்தனை பேருன்னு பாருங்க. மலாய்ல கோல செபெத்தாங். கோலன்னா ஆறு கடல்ல சேர்ற எடம், கழிமுகம். ரெண்டு ஆறு கலக்குற எடத்தையும் அப்படி சொல்லுவாங்க, கோலாலம்பூர் அந்த மாதிரி வந்ததுதான். சீனங்க எழுதுற பேரு இன்னும் வேடிக்கை, அவங்க எழுத்துல அதுல பதினெட்டுங்குற எண்ணு இருக்கும், கேன்டனீஸ்ல வாசிச்சா "சப் பாட் டிங்"னு செபெத்தாங் மாதிரியே கேக்கும். அதாவது மலாய்ப் பேரைக் காதுல வாங்கி அவங்க எழுத்துல போட்டுக்கிட்டாங்க, எங்க பாட்டி வெல்டை வேலாக்குன மாதிரி. கவர்னர் வச்ச பேரு ரயிலோட போயிடுச்சு, ஆறு குடுத்த பேரு நின்னுடுச்சு.

நம்ம பக்கத்து கடலோரப் பேருங்களைக் கொஞ்சம் காது குடுத்துக் கேட்டா அது தண்ணியைப் பத்தியேதான் பேசும். தஞ்சோங்னா கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்குற முனை. தெலுக்னா வளைகுடா. பெங்காலான்னா படகு வந்து ஒதுங்குற துறை. பாகான்னா அதுவும் படகுத்துறைதான், மீன்புடிக்கிறவங்க கரையில படகைக் கட்டிப்போடுற எடம். எங்க ஊரு பாகான் செராய் இன்னைக்குக் கடல்லேருந்து உள்ள தள்ளி வயக்காட்டுக்கும் செம்பனைக்கும் நடுவுல இருக்கு, ஆனா பேருல பாகான் இருக்கு, படகு வந்த ஞாபகம். செராய்னா நம்ம வீட்டுப் பின்னாடி வளக்குறோமே அந்த எலுமிச்சம்புல்லு.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச சொல்லு பெர்மாத்தாங். பெர்மாத்தாங் பாவ், பெர்மாத்தாங் பாசிர்னு செபராங் பிறை பக்கம் வரிசையா வரும். அதுக்கு அர்த்தம் மணல்மேடு. சும்மா மேடு இல்ல, ஒரு காலத்துல அதுதான் கடற்கரை. அலை மணலைக் கொண்டாந்து கொட்டி மேடாக்கும், கடல் பின்னாடி போகும், மறுபடி ஒரு மேடு. மேட்டு மேல வீடும் ரோடும் தென்னமரமும், நடுவுல இருக்குற பள்ளத்துல நெல்லு. வயலுக்கு நடுவுல இருக்குற ஒரு கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, பெர்மாத்தாங்னு பேரு இருந்தா, அங்க நின்னு ஒருத்தன் வலை வீசியிருப்பான்னு நீங்க நினைச்சுக்கலாம்.

நம்ம தமிழ்லயும் இதே மாதிரிதானே. நெய்தல் நிலத்து ஊருன்னா பாக்கம், பட்டினம்னு பேரு. நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி பினாங்குல எறங்குனவங்க எத்தனை பேரு நம்ம குடும்பங்கள்ல, அவங்களுக்கு பட்டினம்னா என்னன்னு தெரியும், அதனால பாகானும் கோலவும் புரியாம போயிருக்காது. கோலகுராவ் எடுத்துக்குங்க. குராவ்ங்கறது ஒரு மீனு, தமிழ்நாட்டுல காலா மீன்னு சொல்றது, வெலை கூட ஆனா கொழம்புக்கு அது மாதிரி இல்ல. ஆத்துக்கும் அந்தப் பேரு, ஊருக்கும் அந்தப் பேரு. அதுக்குப் பக்கத்துலயே கோல கூலா. கூலான்னா சீனி. இன்னைக்கு அங்க பறவை பாக்குறவங்கதான் கேமரா தூக்கிக்கிட்டு போறாங்க, ஆனா 1880கள்ல இந்த கிரியான் வட்டாரம் கரும்புக்காடு. ரப்பருக்கு முந்தி, செம்பனைக்கு ரொம்ப முந்தி, நம்ம ஆளுங்க ஒப்பந்தக் கூலியா வந்து இங்க கரும்புதான் வெட்டுனாங்க. இந்தியாவுலேருந்து அந்த ஒப்பந்த முறை 1910ல நின்னுச்சு, கரும்பு ஏற்கெனவே ரப்பருக்கு வழிவிட்டுக்கிட்டு இருந்துச்சு. நம்ம கதையை ரப்பர்லேருந்து ஆரம்பிக்குறவங்க கிட்ட நான் எப்பவும் இதைச் சொல்லுவேன், கரும்பை விட்டுடாதீங்க, கடலோரத்து சேத்துல கால்வாய் வெட்டுனவங்களை விட்டுடாதீங்க.

தோட்டத்துப் பேருங்க தனிக் கதை. கோல சிலாங்கூர் பக்கம் தென்னமரம் எஸ்டேட்னு ஒன்னு, 1917ல நம்ம நாட்டுல வியாபாரத்துக்குன்னு முதல் முதலா செம்பனை நட்ட தோட்டம் அது. பேரு சுத்தமான தமிழ், ஆங்கிலப் புத்தகத்துல கூட "டென்னமராம்"னு அப்படியேதான் இருக்கு. இந்தப் பக்கம் வால்டோர், அது பிரெஞ்சு, பொன் பள்ளத்தாக்குன்னு அர்த்தம். நம்ம ஆளுங்க எல்லாத்தையும் வாயில போட்டு மென்னு தமிழாக்கிட்டாங்க. தோட்டத்தை வித்து தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, கட்டுன பிறகு அந்தப் பேரு எங்க தங்குதுன்னு பாருங்க, பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிக்கூடத்துலதான். பள்ளிக்கூடம் டவுனுக்கு மாறியிருக்கும், சுத்தி ஒரு பால்மரம், அதான் ரப்பர் மரம், கூட இருக்காது, ஆனா பலகையில லாடாங்னு, அதாவது மலாய்ல தோட்டம்னு, போட்டு தோட்டத்துப் பேரு அப்படியே நிக்கும். அந்தப் பேரை எடுத்துட்டு புதுசா அழகா ஒன்னு வைக்கலாமேன்னு சில பெற்றோருங்க சொல்றப்ப எனக்கு வயிறு எரியுது. அது மட்டும்தாங்க மிச்சம்.

எங்க தோட்டத்துல ஒரு காட்டுக்கு, அதாவது தோட்டத்துல ஒரு பகுதிக்கு, படகடின்னு பேரு. சின்ன வயசுல பெரட்டுல, அதாவது காலையில ஆளுங்களைக் கூட்டி வேலை பிரிக்குற எடத்துல, கங்காணி "இன்னைக்கு படகடியில வெட்டு"ன்னு சத்தம் போடறது காதுல விழும். சுத்திலும் மரம், ஒரு சாண் ஆழத்துல வாய்க்கா, படகும் இல்ல ஒன்னும் இல்ல. யாரும் கேக்கல, பேரு பேருதானே. போன வருசம் எங்க லயத்துல இருந்த ஒரு ஆயா, தொண்ணூறைத் தாண்டிட்டாங்க, மக வீட்டுல இருக்காங்க, அவங்களைப் பாக்கப் போனேன். கண்ணு தெரியல, பேச்சு மட்டும் கணீர்னு இருக்கு. படகடின்னு ஏன் ஆயா பேருன்னு கேட்டேன். "எங்க அம்மா சொல்லுவாங்கடா, கரும்பு வெட்டி கால்வாயில படகுல தள்ளிக்கிட்டு போவாங்களாம், அந்தப் படகு வந்து நிக்கிற எடம்"ன்னாங்க. அவ்வளவுதான், ரெண்டே வரி.

அங்கேருந்து நேரா தோட்டத்துக்குப் போனேன். மரத்தையெல்லாம் சாச்சிட்டு புதுசா செம்பனைக் கன்னு நட்டிருக்காங்க, ரோட்டோரம் ஒரு மஞ்சப் பலகையில நம்பர் 14னு எழுதியிருந்துச்சு. அங்க மருந்தடிச்சிக்கிட்டு இருந்த பையன் நம்ம ஊருப் பையன் இல்ல, வங்காளதேசத்துலேருந்து வந்தவரு, எனக்கு வழி விட்டு ஒதுங்கி நின்னாரு. இங்க பேரு என்னன்னு மலாய்ல கேட்டேன். பலகையைக் காட்டல அவரு. மண்டோரு, அதான் மேற்பார்வை பாக்குறவரு, சொல்லிக் குடுத்தாரோ என்னமோ, வாய்க்கா பக்கம் கையைக் காட்டி "படகடி"ன்னாரு.