பருவம் முடிந்தால் ஸ்கேட்ஸைக் கழற்றி வையுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையில் நிறைந்திருக்கும் ஹாக்கிப் பெற்றோரே, எல்லோருக்கும் வணக்கம்.

ஐஸ் ஹாக்கியில் பிள்ளை மேலே வர ஆண்டு முழுவதும் ஹாக்கியே ஆட வேண்டுமா, பருவம் முடிந்ததும் ஸ்கேட்ஸைக் கழற்றி வைக்க வேண்டுமா என்பது இன்றைய தலைப்பு. கழற்றி வைக்க வேண்டும் என்பது எங்கள் அணியின் கட்சி.

எதிரணித் தலைவர் வந்ததும் வராததுமாக ஒரு கேள்வியைப் போட்டார். "ஜூலை மாதம் உங்கள் பிள்ளை வீட்டில் இருக்கிறான், இன்னொரு பிள்ளை ஐஸில் இருக்கிறான். அடுத்த டிரையவுட்டில், அதாவது அணித் தேர்வில், இடம் யாருக்கு?" என்றார். கைதட்டல் அள்ளிக்கொண்டு போனது. கைதட்டியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். டொராண்டோ பக்கம் பிள்ளையை ட்ரிபிள் ஏ என்ற மேல்மட்டச் சிறுவர் அணியில் சேர்த்திருக்கும் யாருக்கும் அந்தப் பயம் வயிற்றைப் பிசையும். போன வருடம் அணியில் இருந்தான் என்பதற்காக இந்த வருடமும் எடுத்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. செப்டம்பரில் தொடங்கும் பருவம் வசந்தத்தில் முடிகிறது. முடிந்த கையோடு ஸ்பிரிங் ஹாக்கி, அது முடிந்தால் கோடை முகாம். நடுவில் ஸ்கேட்டிங்குக்கு ஒரு தனி கோச், ஷூட்டிங்குக்கு ஒரு தனி கோச். ஒரு வீட்டில் சேர்த்தால் அடுத்த வீட்டிலும் சேர்க்கிறார்கள். முதலில் நிறுத்துவதற்கு யாருக்கும் துணிச்சல் வருவதில்லை.

ஆனால் எதிரணித் தலைவரின் கேள்வி ஒன்றைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. ஒன்பது வயதில் முன்னால் நிற்பவன்தான் பதினெட்டு வயதிலும் முன்னால் நிற்பான் என்று அது நம்புகிறது. அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

1980-களில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் லெத்பிரிட்ஜ் என்ற ஊரில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் குடும்பத்தோடு ஒரு ஜூனியர் ஹாக்கி ஆட்டத்துக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி பவுலா ஆட்டக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். வீரர்களின் பிறந்த தேதிகள் அவர் கண்ணில் பட்டன. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றே வந்துகொண்டிருந்தன. வீட்டுக்குப் போனதும் பார்ன்ஸ்லி மற்ற அணிகளின் பட்டியல்களையும் எடுத்துப் பார்த்தார். அங்கேயும் அதே கதை. அந்த ஆய்வு 1985-இல் வெளிவந்தது.

காரணம் மிக எளிது. கனடாவில் ஹாக்கி வயதுப் பிரிவு ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஜனவரியில் பிறந்த பையனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த பையனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். ஒன்பது வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது உயரத்தில் தெரியும், தோளில் தெரியும், ஸ்கேட்டை ஊன்றித் தள்ளும் பலத்தில் தெரியும். தேர்வாளர் அதைத் திறமை என்று நினைத்து எடுத்துவிடுகிறார். எடுக்கப்பட்டவனுக்கு நல்ல கோச், கூடுதல் ஐஸ் நேரம், பலமான எதிரணிகள். சில ஆண்டுகளில் அவன் உண்மையிலேயே நன்றாக ஆடத் தொடங்கிவிடுகிறான். நவம்பரில் பிறந்தவன் "இவனுக்கு ஹாக்கி வராது" என்ற முத்திரையோடு வெளியே நிற்கிறான்.

அப்புறம் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.ஹெச்.எல்.லின் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டின் பிற்பாதியில் பிறந்த வீரர்கள் தங்கள் தகுதிக்குத் தாமதமாகவே எடுக்கப்படுகிறார்கள் என்றும், எடுக்கப்பட்ட பிறகு எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடுகிறார்கள் என்றும் காட்டியது. என்.ஹெச்.எல். நட்சத்திரம் சிட்னி கிராஸ்பி ஆகஸ்டில் பிறந்தவர். இன்னொரு நட்சத்திரம் ஜான் டவாரஸ் செப்டம்பர். ஆக, ஒன்பது, பத்து வயதுப் பட்டியலை வைத்து எதிர்காலத்தைக் கணிக்க முடியாது. நம் பிள்ளை பட்டியலில் இல்லை என்றால் பதறிப்போய் நான்கு கோச்களை அமர்த்தத் தேவையில்லை. பட்டியலில் இருக்கிறான் என்றாலும், இந்த இடம் போய்விடுமே என்று கோடை முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டத் தேவையில்லை.

சரி, ஆடினால் கெட்டா போய்விடும் என்று எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. உடம்பிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்கேட்டிங்கில் ஒவ்வொரு தள்ளுக்கும் கால் பக்கவாட்டில் விரிந்து வெளிப்பக்கமாகத் திரும்புகிறது. உடனே உள்ளே மடங்கி வருகிறது. நாம் நடக்கும்போதோ ஓடும்போதோ இடுப்பு மூட்டு இப்படி வேலை செய்வதில்லை. ஒரே பயிற்சியில் இது எத்தனை முறை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வளரும் வயதில் தொடை எலும்பின் தலைப்பகுதி இன்னும் முழுதாக இறுகியிருக்காது. அந்த இடத்தில் இடைவிடாமல் சுமை விழுந்தால் எலும்பு புடைத்து வளர்கிறது. புடைத்த எலும்பு இடுப்புக் குழியில் இடிக்கிறது. 2013-இல் வந்த ஓர் ஆய்வு, ஹாக்கி ஆடும் சிறுவர்களைப் பனிச்சறுக்கு செய்யும் அதே வயதுச் சிறுவர்களோடு ஒப்பிட்டது. ஹாக்கிச் சிறுவர்களிடம் இந்த மாற்றம் அதிகமாக இருந்தது, வயது ஏற ஏற இன்னும் அதிகமானது. தொழில்முறை வீரருக்கு வரும் இடுப்பு வலியின் விதை பன்னிரண்டு வயதிலேயே விழலாம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-இல் பெற்றோருக்குத் தெளிவாகவே சொல்லிவிட்டது. பதினைந்து, பதினாறு வயது வரை ஒரே விளையாட்டில் பிள்ளையை முடக்காதீர்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு கொடுங்கள். ஆண்டில் மொத்தம் மூன்று மாதம், வேண்டுமானால் ஒவ்வொரு மாதமாகப் பிரித்து, அந்த விளையாட்டை விட்டு விலக்கி வையுங்கள். அந்த மூன்று மாதமும் சோபாவில் கிடக்கச் சொல்லவில்லை. நீந்தட்டும், பந்து உதைக்கட்டும், மரம் ஏறட்டும். சிகாகோவில் இளம் வீரர்களை ஆராய்ந்த மருத்துவர் நீரு ஜயந்தியின் குழு இன்னொரு எளிய அளவுகோலையும் தந்தது. வாரத்தில் தன் வயதைவிட அதிக மணி நேரம் பயிற்சியிலும் போட்டியிலும் இருக்கும் பிள்ளைக்குக் காயம் வரும் வாய்ப்பு கூடுகிறது. பதினொரு வயது என்றால் பதினொரு மணி நேரம். அணிப் பயிற்சி, ஆட்டங்கள், தனி கோச், வார இறுதிப் போட்டித் தொடர் எல்லாவற்றையும் இன்றிரவு ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

உடம்பு வலித்தால் பிள்ளை சொல்லும். மனசு களைத்தால் சொல்லாது. எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான்.

1997-இல் பதின்வயது நீச்சல் வீரர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. விளையாட்டில் வரும் மனச்சோர்வுக்கு மூன்று முகங்களை அது விவரித்தது. ஒன்று, உடம்பும் மனசும் சேர்ந்து ஓய்ந்துபோவது. இரண்டு, என்ன செய்தும் முன்னேறவில்லை என்ற எண்ணம். மூன்றாவதுதான் கொடுமை. ஒரு காலத்தில் உயிராக இருந்த விளையாட்டின்மேல் ஒட்டுதலே இல்லாமல் போவது. அதிகம் சோர்ந்திருந்தவர்கள் யார் என்று பார்த்தால், விருப்பம் போன பிறகும் விட முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள். இவ்வளவு நாள் போட்டாயிற்று, அப்பா அம்மா இவ்வளவு செலவழித்தாயிற்று, இனி எப்படி விடுவது என்று நினைத்தவர்கள்.

நடுவர் அவர்களே, அந்தப் பொறியை வீட்டில் வைப்பது நாம்தான். "இந்த சீசனுக்கு எவ்வளவு கட்டியிருக்கிறோம் தெரியுமா" என்று நாம் ஒரு முறை சொல்கிறோம். பிள்ளை அதை ஒவ்வொரு பயிற்சிக்கும் சுமந்துகொண்டு போகிறது.

ரிங்கின், அதாவது ஐஸ் ஆடுகளத்தின், உடைமாற்றும் அறையில் நான் பார்த்த ஒரு காட்சி. பன்னிரண்டு வயதுப் பையன், தன் லேஸைத் தானே கட்டத் தெரிந்தவன். ஒரு காலைக் கட்டிவிட்டு மறு கால் லேஸைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் எல்லோரும் ஐஸுக்குப் போய்விட்டார்கள். கதவோரம் நின்ற அவன் அப்பா, கட்டுவதற்குச் சிரமப்படுகிறான் என்று நினைத்து வந்து குனிந்து இறுக்கிக் கட்டிவிட்டார். அன்போடுதான் செய்தார். பையன் எழுந்து போனான். ஆட்டம் முடிந்ததும் கார் நிற்கும் இடத்தில் அவர் போனில் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் கெட்ட அப்பா கிடையாது. மகனுக்காக விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்தவர். லேஸைப் பிடித்துக்கொண்டு மகன் உட்கார்ந்திருந்த அந்த நிமிடம் மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

பயிற்சி நாள் காலையில் மட்டும் வயிறு வலிப்பது, ஆட்டம் ரத்தானால் முகம் மலர்வது, தோற்றாலும் ஜெயித்தாலும் ஒரே மாதிரி இருப்பது. இவற்றைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எதிரணியின் பெரிய ஆயுதம் ஹாக்கி ஜாம்பவான் வெய்ன் கிரெட்ஸ்கி. பிரான்ட்ஃபோர்டில் அப்பா வீட்டுப் பின்புறத்தில் தண்ணீர் ஊற்றி ரிங்க் செய்து கொடுத்தார், மகன் அதிலேயே கிடந்தான், அதனால்தான் கிரெட்ஸ்கி ஆனான் என்றார்கள். அதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் பனி உருகியதும் கிரெட்ஸ்கி என்ன செய்தார் என்பதை விட்டுவிட்டார்கள். கோடை வந்தால் பேஸ்பால், வலைக் கோலால் பந்தைப் பிடித்து எறியும் லாக்ரோஸ், ஓட்டம். அதைத் தம் வளர்ச்சிக்கு உதவியதாக அவரே பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பின்புற ரிங்கில் விசிலும் தேர்வும் ஸ்கோர் பலகையும் கிடையாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1971-72 பருவத்தில் அந்தச் சிறுவன் 378 கோல் அடித்தான். அதற்காக மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் அவனைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். பதினான்கு வயதில் அவன் ஊரை விட்டு டொராண்டோவுக்கு வந்துவிட்டான். பெரியவர்களின் ஆசை ஒரு பிள்ளையை என்ன பாடு படுத்தும் என்பதற்கு கிரெட்ஸ்கியே சாட்சி, எங்கள் பக்கத்துச் சாட்சி.

என்.ஹெச்.எல். வீரர் ஜேமி பென் பேஸ்பாலும் ஆடி வளர்ந்தவர். 2007 டிராஃப்ட்டில் 129-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். 2014-15 பருவத்தில் என்.ஹெச்.எல்.லில் அதிகப் புள்ளி எடுத்து ஆர்ட் ராஸ் கோப்பையை வாங்கினார். டவாரஸும் லாக்ரோஸ் ஆடியவர்தான்.

பின்தங்கிவிடுவான் என்ற இதே பயத்தை இந்த விளையாட்டு ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே பாடி செக்கிங், அதாவது எதிராளியை உடம்பால் இடிப்பது, பழகாவிட்டால் பிற்பாடு தாக்குப்பிடிக்க மாட்டான் என்று எத்தனை கோச்கள் சத்தியம் செய்தார்கள்! கால்கரி பல்கலைக்கழகத்தின் கரோலின் எமரி ஆல்பர்ட்டாவையும் கியூபெக்கையும் ஒப்பிட்டார். அந்த வயதில் இடிக்க அனுமதித்த ஆல்பர்ட்டாவில் காயமடையும் அபாயம் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. அமெரிக்கா 2011-இல் அந்த வயதுக்குத் தடை போட்டது, கனடா 2013-இல். ஹாக்கி அழிந்துபோகவில்லை. அமெரிக்க ஹாக்கி அமைப்பு 2009-இல் தன் வளர்ச்சித் திட்டத்தையே மாற்றி, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கான தேசியக் கோப்பையையும் கைவிட்டது. பல விளையாட்டு ஆடச் சொன்னது. அங்கிருந்து வீரர்கள் வருவது நிற்கவில்லை.

அவசரத்துக்கு இப்போது காரணம் இன்னும் குறைந்துவிட்டது. முன்பு கனடாவின் ஓ.ஹெச்.எல். போன்ற மேஜர் ஜூனியர் என்ற மேல்மட்ட இளைஞர் லீக்கில் ஆடினால் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக் கதவு மூடிவிடும். பதினாறு வயதில் ஏதாவது ஒரு பக்கம் முடிவெடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து அந்தத் தடை நீங்கிவிட்டது. பாதை நீண்டிருக்கிறது. பத்து வயதில் மூச்சிரைக்க ஓட வேண்டியதில்லை.

கடைசியாக, "நாங்கள் வற்புறுத்தவில்லை, என் பிள்ளையே கேட்கிறான்" என்றார் எதிரணியின் மூன்றாவது பேச்சாளர். கேட்கிறான் என்றால் சந்தோஷம். வீட்டு முன்னால் ஒரு வலையும் டென்னிஸ் பந்தும் வையுங்கள், தெருப் பிள்ளைகளோடு ஆடட்டும். ஆகஸ்டில் அவனாகவே வந்து பையைத் திறந்தால் பொது ஸ்கேட்டிங்குக்குக் கூட்டிப் போங்கள். கோச் வேண்டாம், வீடியோ வேண்டாம்.

ஸ்பிரிங் ஹாக்கிப் படிவம் வரும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவனிடம் கேளுங்கள். ஆட்டம் முடிந்து வரும் காரில் கேட்காதீர்கள், சாதாரணமான ஒரு நாளில் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் கோச்சிடம் போய்ச் சொல்வது உங்கள் வேலை. "ஸ்பிரிங்கில் வராதவனுக்கு அடுத்த வருடம் இடம் பார்க்கலாம்" என்று கோச் இழுத்தால், அந்தப் பேச்சும் பிள்ளையின் காதுக்குப் போக வேண்டாம். உங்களோடேயே நிற்கட்டும்.

தீர்ப்பு நடுவர் கையில். நன்றி, வணக்கம்.