ரசிகர்கள் மொழிபெயர்த்த கேமை வீடியோவா போடலாமா?

[திரையில்: ‘மதர் 3’ ஜப்பானியப் பெட்டி, பக்கத்தில் ஒரு கேம் பாய் அட்வான்ஸ்]

2006 ஏப்ரல்ல நின்டெண்டோ ஜப்பான்ல ‘மதர் 3’னு ஒரு கேமை வெளியிட்டாங்க. கதை எழுதினவர் ஷிகேசாடோ இடோய். ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்துல ஒரு பெரிய இழப்பு, பணம்னா என்னன்னே தெரியாத ஒரு கிராமம், அந்தக் கிராமத்துக்குள்ள பணம் நுழையுறது. இவ்வளவையும் உள்ளங்கையில அடங்குற ஒரு கருவியில சொன்ன கேம் அது. இன்னி வரைக்கும் அதுக்கு அதிகாரபூர்வ இங்கிலீஷ் பதிப்பு வரல. 2024 பிப்ரவரியில பழைய கேம்களை சந்தாவுக்குத் தர்ற தங்களோட ஸ்விட்ச் ஆன்லைன் சேவையில சேர்த்தப்பகூட ஜப்பானுக்கு மட்டும்தான் கொடுத்தாங்க.

அப்புறம் எப்படி ஜப்பானிய மொழி ஒரு எழுத்துகூட தெரியாதவங்க இந்தக் கேமைப் பத்தி மணிக்கணக்கா பேசுறாங்க? அதுக்குக் காரணம் 2008 அக்டோபர்ல வெளிவந்த ஒரு ரசிகர் மொழிபெயர்ப்பு. ‘டொமேட்டோ’ங்கிற பேர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச க்ளைட் மாண்டலின் தலைமையில ஒரு குழு ரெண்டு வருஷம் உழைச்சு, காசு வாங்காம கொடுத்தது. முதல் வாரத்துலயே ஒரு லட்சத்துக்கு மேல டவுன்லோட் ஆச்சு. 2013ல, “என் மொழிபெயர்ப்பை இலவசமாவே எடுத்துக்கோங்க”ன்னு நின்டெண்டோகிட்ட அவரே சொன்னார். அவங்க எடுத்துக்கல.

இப்படிப்பட்ட உழைப்பு மேல எனக்குப் பெரிய மரியாதை இருக்கு. அதனாலதான் இந்த வீடியோ. நீங்க ஒரு ரசிகர் மொழிபெயர்ப்பை விளையாடுறது வேற. அதை ரெக்கார்ட் பண்ணி, தலைப்பு வெச்சு, ஊருக்கே போட்டுக் காட்டுறது வேற. ரெண்டாவதைப் பண்றப்ப யாருக்கு என்ன ஆகும்? நம்ம சேனலுக்கு என்ன ஆகும்னு மட்டும் யோசிச்சா பாதிதான் யோசிச்சிருக்கோம்னு அர்த்தம்.

[திரையில்: ஒரு பேட்ச் ஃபைல், ஒரு ரோம் ஃபைல், நடுவில் கூட்டல் குறி]

ரசிகர் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் ‘பேட்ச்’ங்கிற ஒரு சின்ன ஃபைலாத்தான் வரும். முதல்ல பேட்ச்னா என்னன்னு பார்த்துடுவோம். மொழிபெயர்ப்புக் குழு முழு கேமையும் தர்றதில்ல. எந்த இடத்துல எந்த எழுத்தை எடுத்துட்டு எதைப் போடணும்ங்கிற மாற்றம் மட்டும்தான் அந்த ஃபைல்ல இருக்கும். புத்தகத்தோட கடைசியில ஒட்டியிருப்பாங்களே பிழைதிருத்தத் தாள், அது மாதிரி. அசல் கேமோட ஃபைல், அதாவது ரோம், உங்ககிட்ட இருந்தாதான் பேட்சுக்கு வேலை. குழுக்கள் இப்படி ஒதுங்கி நிக்கிறதுக்குக் காரணம் இருக்கு. கம்பெனியோட படம், இசை, கோட் எதையும் நாங்க விநியோகம் பண்ணலன்னு அவங்களால சொல்ல முடியும்.

நீங்க வீடியோ எடுக்குறப்ப அந்த ஒதுங்கல் போயிடுது. பேட்ச்ல இல்லாத அத்தனையும் உங்க வீடியோவுல இருக்கு. கம்பெனியோட ஓவியம், இசை, குரல், கதை, அதுக்கு மேல அனுமதி இல்லாம செஞ்ச மொழிபெயர்ப்பு, எல்லாம் ஒரே திரையில.

சட்டம் இதுல தெளிவா இருக்கு. ஒரு படைப்பை மொழிபெயர்க்குற உரிமை மூல ஆசிரியருக்குத்தான்னு, பதிப்புரிமை பத்தின சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையோட 8ஆம் பிரிவு சொல்லுது. இந்தியாவோட 1957 பதிப்புரிமைச் சட்டம் 14ஆம் பிரிவுலயும் மொழிபெயர்ப்பு உரிமை தனியாவே இருக்கு. அதனால, “மொழிபெயர்ப்புக் குழு எனக்கு ஓகே சொல்லிட்டாங்க”ங்கிறது கம்பெனி முன்னாடி நிக்காது. தன்கிட்ட இல்லாத உரிமையை அந்தக் குழு உங்களுக்கு எப்படிக் கொடுக்க முடியும்? விமர்சனத்துக்காக நியாயமான அளவு பயன்படுத்தலாம்னு நம்ம சட்டத்தோட 52ஆம் பிரிவு இடம் தருது. அந்த இடத்துல ரெண்டு நிமிஷக் காட்சியைப் போட்டு அதைப் பத்திப் பேசுறவர் நிக்கலாம். நாப்பது மணி நேரக் கதையை முதல்லேருந்து முடிவு வரைக்கும் ஓட்டுறவர் நிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

“எல்லாரும்தான் கேம்ப்ளே போடுறாங்க, அவங்களை எல்லாம் விட்டுட்டு என்னையா பிடிப்பாங்க?”ன்னு கேப்பீங்க. அவங்க போடுறது கம்பெனி கொடுத்த அனுமதியில. பல பெரிய கம்பெனிகள் வீடியோ போடுறவங்களுக்குன்னு விதிமுறை எழுதி வெச்சிருக்காங்க. நின்டெண்டோ 2018 நவம்பர்ல வெளியிட்ட விதிமுறையில, அதிகாரபூர்வமா வெளியான உள்ளடக்கத்தை மட்டும்தான் பயன்படுத்தலாம்னு இருக்கு. பேட்ச் போட்ட கேம் அந்த வரிக்குள்ள வராது. கேம் வெளியாயிருக்கு, அந்த இங்கிலீஷ் வசனம் வெளியாகல. அதாவது, மத்தவங்க தலைக்கு மேல இருக்குற கூரை உங்க வீடியோவுக்கு இல்ல.

[திரையில்: ஜப்பான் வரைபடம், மியாகியும் நகோயாவும் குறிக்கப்பட்டு]

அடுத்து ஒரு வழக்கு. இதைக் கொஞ்சம் நிதானமா பார்க்கணும். 2023 மே மாசம் ஜப்பானோட மியாகி மாகாண போலீஸ், நகோயாவைச் சேர்ந்த 52 வயசு ஆள் ஒருத்தரைக் கைது பண்ணாங்க. ‘ஸ்டைன்ஸ்;கேட்: மை டார்லிங்ஸ் எம்ப்ரேஸ்’ங்கிற கேமோட வீடியோவை, முடிவு உட்பட, யூடியூப்ல போட்டு விளம்பர வருமானம் பார்த்தார்ங்கிறது குற்றச்சாட்டு. அனிமே வீடியோக்களும் அதுல சேர்ந்திருந்துச்சு. செப்டம்பர் 7ஆம் தேதி செண்டாய் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. ரெண்டு வருஷச் சிறை, அஞ்சு வருஷத்துக்கு நிறுத்திவைப்பு, கூடவே பத்து லட்சம் யென் அபராதம்.

இதுல ரசிகர் மொழிபெயர்ப்பு எதுவும் இல்லங்கிறதை கவனிங்க. ஜப்பானிய கேம், ஜப்பானியப் பார்வையாளர்கள். அப்புறம் ஏன் இவ்வளவு கடுமை? அது விஷுவல் நாவல். படிக்கிறதுதான் அங்க விளையாட்டே. கால்பந்து கேமை வீடியோவுல பார்த்தவருக்கு, தானும் ஆடணும்னு தோணும். விஷுவல் நாவலை முடிவு வரைக்கும் பார்த்தவருக்குக் காசு கொடுத்து வாங்க என்ன மிச்சம் இருக்கு? ரசிகர்கள் தேடிப்பிடிச்சு மொழிபெயர்க்குற கேம்கள்ல பெரும்பாலானது இந்த வகை. விஷுவல் நாவல், நீளமான ரோல்பிளேயிங் கேம், துப்பறியும் கதை. வசனம் நிறைய இருக்குறதாலதான் மொழிபெயர்ப்பே தேவைப்படுது. அதே காரணத்தாலதான் அதோட முழு வீடியோ கம்பெனியை உறுத்துது.

கதை வெளியாகுறதுல கம்பெனிகள் எவ்வளவு கறாரா இருக்கும்னு ‘பெர்சோனா 5’ அப்பவே பார்த்தோம். 2017 ஏப்ரல்ல அந்தக் கேமோட கம்பெனியான அட்லஸ், கேமுக்குள்ள வர்ற ஜூலை 7ஆம் தேதியைத் தாண்டி யாரும் ஸ்ட்ரீம் பண்ணக் கூடாதுன்னாங்க. மீறினா ஸ்ட்ரைக், அதாவது சேனல் மேல பதிப்புரிமைப் புகார், வரலாம்னும் எச்சரிச்சாங்க. ரசிகர்கள் கொதிச்சுப் போனதும், அந்தத் தேதியை நவம்பர் 19க்குத் தள்ளினாங்க. காசு கொடுத்து வாங்கின, அதிகாரபூர்வ இங்கிலீஷ் கேமுக்கே அந்த நிலைமை.

[திரையில்: யூடியூப் ஸ்டூடியோ, ஒரு வீடியோவுக்குப் பக்கத்தில் ‘பதிப்புரிமை’ அறிவிப்பு]

யூடியூப்ல நடக்குறது என்ன? க்ளெய்ம், ஸ்ட்ரைக்னு ரெண்டு விஷயம். நிறைய பேர் இதைப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. கன்டென்ட் ஐடிங்கிற தானியங்கி முறை உங்க வீடியோவுல இருக்குற இசையையோ காட்சியையோ அடையாளம் கண்டுபிடிச்சா வர்றது க்ளெய்ம். பெரும்பாலும் விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போயிடும், இல்லன்னா வீடியோவை சில நாட்டுல தடுப்பாங்க. சேனலுக்கு அதோட வேற ஆபத்து இல்ல.

ஸ்ட்ரைக் அப்படி இல்ல. உரிமையாளரே சட்டப்படி புகார் கொடுத்து வீடியோவைத் தூக்குறது அது. 90 நாளுக்குள்ள மூணு வந்தா சேனலே போயிடும், அதோட இணைச்ச மத்த சேனல்களும் சேர்ந்து போகும். ஒரு கேமை முப்பது பாகமா பிரிச்சுப் போட்டிருக்கவர் இந்த மூணுங்கிற எண்ணை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்க்கணும்.

கன்டென்ட் ஐடி வசனப் பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறதில்ல. இசை அதே இசைதான், படம் அதே படம்தான். அப்படின்னா ரசிகர் மொழிபெயர்ப்புன்னு யார் கண்டுபிடிக்கிறாங்க? மனுஷங்கதான். அவங்களுக்கு வழி காட்டுறது பெரும்பாலும் நம்ம தலைப்பும் தம்ப்நெயிலும். “இங்கிலீஷ் பேட்ச், முழு கதை, டவுன்லோட் லிங்க் கீழே”ன்னு எழுதுறவங்க, தேடுறவங்களுக்கு வேலையே வைக்கிறதில்ல. அந்த டவுன்லோட் லிங்க் தனி வம்பு. முழு கேமை அனுமதியில்லாம இலவசமா தர்ற தளத்துக்கு லிங்க் கொடுக்கக் கூடாதுன்னு யூடியூப்புக்குத் தனி விதி இருக்கு. அதுக்கு வர்ற ஸ்ட்ரைக் பதிப்புரிமைக் கணக்குல சேராது, சமூக விதிமுறைக் கணக்குல சேரும்.

“தப்பா ஸ்ட்ரைக் போட்டுட்டாங்க, எதிர் அறிவிப்பு கொடுத்துடறேன்”னு அவசரப்படாதீங்க. அந்தப் படிவத்துல உங்க முழுப் பேர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் கேப்பாங்க. அது அப்படியே புகார் கொடுத்த கம்பெனிக்குப் போகும். வீடியோவைத் தப்பா எடுத்துட்டாங்கன்னு நான் நேர்மையா நம்புறேன்னு உறுதிமொழியும் தரணும். பொய்னா அது தண்டனைக்குரிய குற்றம். அதுக்கப்புறம் வழக்கு போடுறதா வேண்டாமான்னு முடிவெடுக்க கம்பெனிக்குப் பத்து வேலை நாள். அனுமதியில்லாத மொழிபெயர்ப்பை முழுசா ஓட்டின வீடியோவுக்கு அந்த உறுதிமொழியில கையெழுத்துப் போட முடியுமா? யோசிச்சுச் சொல்லுங்க.

[திரையில்: பிஎஸ்பி கருவி, ‘ஃபைனல் ஃபேன்டஸி டைப்-0’ ஜப்பானிய அட்டை]

இதுவரைக்கும் பேசினது உங்க சேனல். மொழிபெயர்ப்பாளர்களுக்கு என்ன ஆகும்? என்னை ரொம்ப உறுத்துறது இதுதான்.

‘ஃபைனல் ஃபேன்டஸி டைப்-0’ 2011 அக்டோபர்ல ஜப்பான்ல பிஎஸ்பிங்கிற கையடக்கக் கருவிக்கு வந்துச்சு. வெளிநாட்டுல வரும்னு ரசிகர்கள் காத்துக் காத்துப் பார்த்துட்டு, ஒரு குழுவா சேர்ந்து இங்கிலீஷ்ல கொண்டுவந்தாங்க. பேட்ச் 2014 ஜூன்ல வெளியாச்சு. அதே மாசம் ஈ3ங்கிற கேம் கண்காட்சியில, அந்தக் கேமோட கம்பெனியான ஸ்கொயர் எனிக்ஸ் அதோட எச்டி பதிப்பை இங்கிலீஷ்ல கொண்டுவர்றதா அறிவிச்சாங்க. ஜூலையில கம்பெனியோட சட்ட நடவடிக்கை வந்து, குழு பேட்சை எடுத்துட்டாங்க. வருஷக்கணக்கான உழைப்பு ஒரு கடிதத்துல முடிஞ்சுது.

கம்பெனிக்குச் சட்டப்படி அந்த உரிமை இருக்கு, மறுக்க முடியாது. ஒரு குழுவுக்கு இருக்குற ஒரே பாதுகாப்பு கம்பெனியோட மௌனம்தான். கண்டுக்காம இருக்குற வரைக்கும் அவங்க வேலை நடக்கும். லட்சம் பேர் பார்க்குற ஒரு வீடியோ வந்துட்டா, கண்டுக்காம இருக்குறது கம்பெனிக்குக் கஷ்டமாகுது. வீடியோ போட்டவர் அடுத்த கேமுக்குப் போயிடுவார். குழுவுக்குப் போக வேற இடம் இல்ல.

இன்னொரு தொல்லையும் இருக்கு, திருட்டுக் கேட்ரிட்ஜ் வியாபாரம். ‘மதர் 3’ மொழிபெயர்ப்பை ஒரு கேட்ரிட்ஜ்ல ஏத்தி, ஸ்டிக்கர் ஒட்டி, அசல் மாதிரியே விக்கிறாங்க. காசு வாங்காம செஞ்ச வேலையில யாரோ காசு பார்க்குறாங்க. விளக்கம் எதுவும் இல்லாம கேமை ஓட்டுற வீடியோவைப் பார்த்தவர், இது கடையில கிடைக்குற கேம்னு நினைச்சுத் தேடிப் போனா, மாட்டுறது இவங்ககிட்டதான்.

நல்லபடியா முடிஞ்ச கதையும் இருக்கு. ஃபால்காம் கம்பெனியோட ‘ஸீரோ நோ கிசேகி’யை ஜியோஃப்ரண்ட்னு ஒரு ரசிகர் குழு இங்கிலீஷ்ல கொண்டுவந்து 2020ல வெளியிட்டாங்க. 2021ல கேம் வெளியிடுற கம்பெனியான என்ஐஎஸ் அமெரிக்கா அந்த மொழிபெயர்ப்பையே அடிப்படையா எடுத்துக்கிட்டாங்க. 2022 செப்டம்பர்ல ‘ட்ரெய்ல்ஸ் ஃப்ரம் ஸீரோ’வா கடைக்கு வந்துச்சு. ஜியோஃப்ரண்ட் தங்களோட இலவசப் பேட்சைத் தாங்களே நிறுத்திட்டாங்க. அப்படி நிறுத்தினதுக்கு அப்புறமும் ஒருத்தர் பழைய பேட்ச்ல முழு கேமையும் ஓட்டிப் போட்டா, அந்தக் குழுவே எழுதி, அதிகாரபூர்வமா ஜெயிச்ச ஒரு பதிப்போட விற்பனையைத்தான் அது அடிக்குது. இதைப் பண்றவங்களை என்னால ஏத்துக்க முடியல.

[திரையில்: ரெக்கார்டிங் மென்பொருள், ‘நிறுத்து’ பொத்தான்]

சரி, ஒரு கேம் உங்களை உலுக்கிடுச்சு, அதைப் பத்திப் பேசியே ஆகணும். பேசுங்க. உங்க முகமும் உங்க குரலும் முன்னாடி நிக்கட்டும், கேம் காட்சி துணைக்கு வரட்டும். கதை எப்படி நகருது, எந்த இடத்துல அடிவயிறு கலங்குச்சு, மொழிபெயர்ப்பு எங்க அழகா உட்கார்ந்திருக்குன்னு சொல்லுங்க. முடிவைக் காட்டாதீங்க. கட்ஸீனை, அதாவது விளையாட விடாம கேம் தானா ஓட்டுற கதைக் காட்சியை, முழுசா ஓட்டாதீங்க. அந்த வீடியோவுல விளம்பரத்தை அணைச்சுடுங்க. அது சட்டப்படி உங்களைக் காப்பாத்தாது, இருந்தாலும் செண்டாய் வழக்குல விளம்பர வருமானமும் குற்றச்சாட்டுல வந்துச்சுன்னு பார்த்தோம். எமுலேட்டர் (கேம் கருவி இல்லாமலே கம்ப்யூட்டர்ல கேமை ஓட்டுற மென்பொருள்) ஜன்னல், ஃபோல்டர்ல வரிசையா நிக்கிற ரோம் பேர்கள், இதெல்லாம் திரையில தெரியுதான்னு அப்லோடுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. லைவ்ல இந்த வாய்ப்பே கிடையாது, அதனால ரசிகர் மொழிபெயர்ப்பை லைவ்ல எடுக்காம இருக்குறது உத்தமம்.

அந்தக் குழுவுக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்க. முன்னாடி சொன்ன மாதிரி அவங்க சம்மதம் கம்பெனி முன்னாடி செல்லாது. ஆனா இப்ப வெளிச்சம் வேண்டாம், அடுத்த பாகம் வேலை நடக்குதுன்னு அவங்க சொல்லலாம். சொன்னா காத்திருங்க. சரின்னா, இது ரசிகர்கள் இலவசமா செஞ்சது, கம்பெனிக்குச் சம்பந்தம் இல்ல, யாராவது வித்தா வாங்காதீங்கன்னு வீடியோவோட முதல் நிமிஷத்துலயே வாயால சொல்லுங்க. டிஸ்கிரிப்ஷனைப் படிக்கிறவங்க ரொம்பக் கம்மி.

[திரையில்: ‘ஏஸ் அட்டர்னி இன்வெஸ்டிகேஷன்ஸ் 2’, பழைய பேட்ச் காட்சியும் 2024 பதிப்பும் பக்கத்தில் பக்கத்தில்]

ஏற்கெனவே பழைய வீடியோ போட்டு வெச்சிருக்கவங்களுக்கு ஒரு விஷயம். ‘ஏஸ் அட்டர்னி இன்வெஸ்டிகேஷன்ஸ் 2’க்கு ரசிகர் மொழிபெயர்ப்பு 2014ல வந்துச்சு, கேம் கம்பெனி கேப்காமோட அதிகாரபூர்வ இங்கிலீஷ் 2024 செப்டம்பர்ல வந்துச்சு. ரசிகர்கள் செபாஸ்டியன் டெபெஸ்ட்னு கூப்பிட்ட பையன் இப்ப யூஸ்டஸ் வின்னர். ஜஸ்டின் கோர்ட்னி இப்ப வெரிட்டி கவெல். பழைய வீடியோவைப் பார்த்துட்டு கடைக்குப் போறவர், இது வேற கேம் போலன்னு திரும்பி வந்துடலாம். பழைய மொழிபெயர்ப்புல இருக்குற தப்பு கேப்காம் கணக்குல ஏறவும் வாய்ப்பு இருக்கு. உங்க கேமுக்கு அதிகாரபூர்வப் பதிப்பு வந்துடுச்சான்னு இன்னைக்கே தேடிப் பாருங்க. வந்திருந்தா, முழு கதையும் ஓடுற வீடியோக்களைத் தனிப்பட்டதா மாத்திடுங்க. விமர்சன வீடியோவை மட்டும் வெச்சுக்கிட்டு, பழைய பேர் எது, புதுப் பேர் எது, கேம் எந்தக் கடையில கிடைக்குதுன்னு மேல பின் பண்ற கமென்ட்ல எழுதி வைங்க.